ஏரியிலிருந்து 15 மீட்டர் தள்ளி மனை: அந்த 15 மீட்டரை எங்கிருந்து அளக்கிறார்கள்?

புதுமனை தேடி

வணக்கம். தாம்பரத்துக்கு மேற்கே, மணிமங்கலம் போகிற வழியில் ஒரு லேஅவுட்டில் 1,200 சதுர அடி மனை பார்த்திருக்கிறோம். அங்கீகாரம் பெற்றது, வங்கிக் கடன் கிடைக்கிறது, வில்லங்கச் சான்றில் சிக்கல் எதுவும் இல்லை, பட்டாவும் விற்பவர் பெயரில்தான் இருக்கிறது. லேஅவுட்டின் பின்பக்கம் ஒரு ஏரி. "ஏரி எல்லையிலிருந்து 15 மீட்டர் விட்டுத்தான் மனை பிரித்திருக்கிறோம், விதிப்படி எல்லாம் சரி" என்கிறார்கள். வரைபடத்தில் அந்த இடைவெளி பூங்காவாகக் காட்டப்பட்டிருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் தண்ணீர் எங்கேயோ தூரத்தில்தான் தெரிகிறது. ஆனால் 2015-ஐ நினைத்தால் வீட்டில் எல்லோருக்கும் பயம். இந்த 15 மீட்டர் என்பது உண்மையில் என்ன? அது இருந்தால் வெள்ளம் வராது என்று நம்பலாமா? அப்புறம், வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் இதே அளவுதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபட மேசை

மனைப் பிரிவு, கட்டட வரைபடங்கள் போட்டு அனுமதிக்கு அனுப்புகிற வேலை எனக்கு. அதனால் விதியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது மாநிலம் முழுக்க. அரசுத் துறைகளோ உள்ளாட்சியோ பராமரிக்கிற நீர்நிலைகள், நீரோட்டப் பாதைகளிலிருந்து கிடைமட்டமாக 15 மீட்டருக்குள் மனை பிரிக்கவோ கட்டடம் கட்டவோ கூடாது என்று அதில் இருக்கிறது. விலக்குக்கும் வழி இருக்கிறது: கழிவுநீர் அந்த நீரில் கலக்காதபடி ஏற்பாடு செய்தால் அனுமதிக்கலாம். இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள் சார். விதியின் கவலை ஏரித் தண்ணீர் கெட்டுப்போகக் கூடாது என்பது. ஏரித் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் வருமா என்பது அதன் கேள்வியே இல்லை. பல பேர் இதைப் பாதுகாப்பு இடைவெளி என்று நினைத்துக்கொண்டு மனை வாங்குகிறார்கள், விற்பவர்களும் அப்படியே சொல்லி விற்கிறார்கள்.

எங்கிருந்து அளக்கிறார்கள் என்றால், நடைமுறையில் புலப்படத்தில், அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள நில அளவை வரைபடத்தில், இருக்கிற சர்வே எல்லையிலிருந்து. ஏரிப் புறம்போக்கு என்று பதிவான சர்வே எண் எங்கே முடிகிறதோ அங்கிருந்து நாடா பிடிப்பார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்பது இந்தக் கணக்கில் வராது.

வெள்ளத்தைப் பார்க்க வேண்டியது நீர்வளத் துறை. நீர்நிலையை ஒட்டிய இடம் என்றால் அவர்களிடம் தடையின்மைச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்றின் நகலை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் போட்டிருக்கிற நிபந்தனைகள்தான் அந்த இடத்தைப் பற்றிய உண்மையான தகவல்.

ஆயக்கட்டு

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். மனை ஏரிக்கு எந்தப் பக்கம்?

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரி எதுவும் நாலு பக்கமும் கரை கட்டியது கிடையாது. சரிவான பூமியில் தாழ்ந்த பக்கம் மட்டும் வளைவாகக் கரை போட்டிருப்பார்கள், மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். கரைக்கு வெளியே மதகுக்குக் கீழே இருப்பது ஆயக்கட்டு, நஞ்சை நிலம். அது ஏரித் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்ந்து இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் எப்படிப் பாயும்? அந்தப் பக்கம் மனை என்றால் உங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கரை இருக்கிறது, ஆனால் கசிவும் இருக்கும், கரை உடைந்தால் முதலில் போவது அந்த இடம்தான். கலங்கல் பக்கம் என்றால் ஏரி நிரம்பி வழிகிற மிகைநீர் போகிற வழி, அங்கே வீடு கட்டுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. மூன்றாவது உள்வாய்ப் பக்கம், அதாவது மேட்டுப் பக்கம். அங்கே கரை என்று ஒன்றே இல்லை. ஏரி நிரம்ப நிரம்பத் தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் பரவிக்கொண்டே போகும்.

உள்வாயில் பட்டா நிலமும் உண்டு. மழை குறைந்த வருஷம் பயிர் வைப்பார்கள், ஏரி நிரம்பிய வருஷம் அதில் தண்ணீர் நிற்கும், அதற்காக யாரும் புகார் கொடுத்ததில்லை, ஏனென்றால் நிலத்தின் குணம் எல்லோருக்கும் தெரியும். விலையும் அதற்குத் தக்கபடி இருந்தது. அந்த நிலத்தை வாங்கி மனை போட்டு, ஊர் தெரியாதவர்களுக்கு விற்கும்போதுதான் பிரச்சினையே வருகிறது. பட்டா இருக்கிறது என்பது நிலம் யாருக்குச் சொந்தம் என்று மட்டும்தான் சொல்லும்.

புதுமனை தேடி

ஐயா, பின்பக்கம் கரை எதுவும் இல்லை. லேஅவுட் முடிகிற இடத்திலிருந்து புல்வெளி மாதிரிதான் போகிறது, மாடு மேய்கிறது, அதற்கு அப்பால்தான் தண்ணீர். கரை எதிர்ப்பக்கம் தூரத்தில் தெரிகிறது. அப்படியானால் இது உள்வாய்ப் பக்கமா?

ஆயக்கட்டு

ஆமாம் தம்பி. உள்வாய்தான்.

வரைபட மேசை

ஐயா சொன்னதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். உள்வாய் நிலம் கண்ணுக்குச் சமமாகத்தான் தெரியும், சரிவு மிகக் குறைவு. 500 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் 30 செ.மீ. உயர்ந்தால் தண்ணீர் பக்கவாட்டில் 150 மீட்டர் உள்ளே வந்துவிடும். அந்த 15 மீட்டர் இடைவெளியைத் தாண்டத் தண்ணீருக்கு 3 செ.மீ. ஏறினால் போதும்.

அதனால்தான் ஏரிக்கு இரண்டு மட்டங்கள் உண்டு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று முழு நீர்மட்டம், அதாவது கலங்கலின் தலைமட்டம், அதற்கு மேல் வந்தால் வழிந்து வெளியேறும். இன்னொன்று அதிகபட்ச நீர்மட்டம், பெருமழையில் கலங்கல் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போதே ஏரிக்குள் நிற்கிற உயரம். கலங்கலுக்குக் கீழே போக்குக் கால்வாய் அடைபட்டிருந்தால் இந்த இரண்டாவது மட்டம் இன்னும் ஏறும். உங்கள் மனையின் தரைமட்டம் இந்த இரண்டுக்கும் மேலே எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தூரம் எத்தனை மீட்டர் என்பது அடுத்தது.

ஐதராபாத்தில் இதை விதியிலேயே கொண்டுவந்திருக்கிறார்கள். 2012-இல் வந்த கட்டட விதிகளின்படி, 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரி என்றால் முழு நீர்மட்டக் கோட்டிலிருந்து 30 மீட்டர், அதைவிடச் சிறியது என்றால் 9 மீட்டர். அங்கேயும் ஆக்கிரமிப்பு நிறைய நடந்தது, 2024-இல் தனியாக ஓர் அமைப்பு வைத்து இடிக்கிற அளவுக்குப் போனது. ஆனாலும் அளவு தொடங்குகிற இடம் தண்ணீரின் கோடு என்பதாவது எழுத்தில் இருக்கிறது. நம் விதியிலும் அந்த ஒரு திருத்தம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முடிச்சூர் வடக்கு

மணிமங்கலம் வழி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2015 வெள்ளம் என்றால் எல்லோரும் செம்பரம்பாக்கத்தைத்தான் சொல்கிறார்கள். டிசம்பர் 1 இரவு அங்கே விநாடிக்கு 29,000 கன அடி அளவுக்குத் திறந்தது உண்மை, அதில் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், மணப்பாக்கம் பட்ட பாடும் உண்மை. ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கம் காரணமே இல்லை. அந்த ஏரியின் மிகைநீர் அடையாற்றில் வந்து சேர்வது திருநீர்மலைப் பக்கம், எங்களுக்குக் கீழே. எங்களுக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், சோமங்கலம் என்று வரிசையாக இருக்கிற ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். ஒன்றின் மிகைநீர் அடுத்ததற்குப் போய், கடைசியில் எல்லாம் அடையாற்றில் சேரும். நடுவில் இருந்த போக்குக் கால்வாய்களில் பாதி இடத்தில் மனை, பாதி இடத்தில் சாலை, அகலமாக ஓடியது ஒரு குழாய்க்குள் போகிற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

2015-க்கு அப்புறம் 2021-இலும் வந்தது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வந்தது. நடுவில் ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடுகால்வாய் கட்டினார்கள், கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் மேலே புதுப்புது லேஅவுட் வந்துகொண்டே இருக்கும்போது கீழே எத்தனை கால்வாய் வெட்டினாலும் எவ்வளவு தாங்கும்?

எங்கள் தெருவில் எல்லோரிடமும் அங்கீகாரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, 15 மீட்டரும் இருக்கிறது. இரண்டாவது மாடிக்கு ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் இருக்கிறது. வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனால் என் தம்பி கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

செங்கல் மணல்

நான் சின்ன அளவில் வீடு கட்டி விற்கிறவன். இங்கே எல்லோரும் கட்டுபவர்களையே குற்றவாளி மாதிரி பேசுவதால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். நிலம் வாங்கும்போது வருவாய்த் துறைப் பதிவைப் பார்க்கிறோம், அது நஞ்சை பட்டா என்கிறது. திட்ட அனுமதிக்குப் போகிறோம், குடியிருப்பு மண்டலம் என்கிறார்கள். நீர்வளத் துறைக்குப் போகிறோம், இவ்வளவு உயரம் மண் நிரப்புங்கள், ஓரத்தில் கால்வாய் விடுங்கள் என்று நிபந்தனை போட்டுச் சான்று தருகிறார்கள். சொன்னபடி செய்கிறோம். எல்லாம் முடிந்து மக்கள் குடியேறிய பிறகு வேறொரு துறை வந்து இது நீர்நிலை என்கிறது. இதில் எங்கள் தவறு என்ன? கூடாது என்றால் முதல் நாளே வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுங்கள், நாங்கள் அந்த நிலத்துக்குப் பக்கமே போக மாட்டோம். ஒரே நிலத்துக்கு மூன்று துறை மூன்று வரைபடம் வைத்திருந்தால் எந்த வியாபாரியும் நிம்மதியாகத் தொழில் செய்ய முடியாது.

முடிச்சூர் வடக்கு

செங்கல் மணல் சார், சிவப்புக் கோடு போடச் சொல்வது நியாயமான கோரிக்கை, நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் அந்த மண் நிரப்புகிற நிபந்தனையைப் பாருங்கள். உங்கள் மனை 1 மீட்டர் உயர்ந்தால், அங்கே நின்ற தண்ணீர் பக்கத்துத் தெருவில் நிற்கும். அப்புறம் அவர்கள் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவார்கள். எங்கள் தெருவில் நாலு வீடு அப்படித் தூக்கியாகிவிட்டது. ஒவ்வொரு சான்றும் தனித்தனியாகப் பார்த்தால் சரி, சேர்த்துப் பார்த்தால் தண்ணீருக்கு இடமே இல்லை. யாராவது ஒரு வடிநிலம் முழுவதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, இத்தனை ஏக்கர் வரைதான் நிரப்பலாம், அதற்கு மேல் ஒரு லோடு மண்கூட இறங்கக் கூடாது என்று சொல்ல வேண்டாமா?

பெல்லந்தூர்த் தமிழன்

பெங்களூரில் நடந்ததையும் சொல்கிறேன், உங்கள் விவாதத்துக்கு உதவும். இங்கே 2015-ஆம் ஆண்டுக்கான நகரப் பெருந்திட்டத்தின்படி (மாஸ்டர் பிளான்) ஏரிக்கு 30 மீட்டர், ராஜகால்வாய்கள் என்கிற மழைநீர்க் கால்வாய்களுக்கு அவற்றின் தரத்தைப் பொறுத்து நடுவிலிருந்து 50, 25, 15 மீட்டர் விட வேண்டும். 2016 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர் என்று உயர்த்தியது. பாதி நகரம் பதறியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி வந்த பெருந்திட்டத்தில் இருக்கிற அளவைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது என்பது காரணம். திரும்ப 30-க்கே வந்தோம். 2025-இல் ஏரியின் பரப்பை வைத்து அந்த 30-ஐயும் படிப்படியாகக் குறைக்கிற மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது, சின்ன ஏரிகளுக்கு இடைவெளி ரொம்பவே சுருங்குகிறது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இரண்டு. தீர்ப்பாயம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்கக் கூடாது, பெருந்திட்டம் தயாராகும்போதே சரியான அளவை எழுத வைக்க வேண்டும். இன்னொன்று, கால்வாய்க்கும் தனியாக, தரம் பிரித்து அளவு வைத்தது நல்ல ஏற்பாடு. ஏரியைச் சுற்றி வேலி போட்டு நடைபாதை போட்டு விட்டுவிட்டு, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கால்வாயைக் கட்டடத்துக்கு அடியில் புதைத்தால் அந்த ஏரியில் சாக்கடை மட்டும்தான் சேரும். பெல்லந்தூரில் நுரை பொங்கியதை நாடே பார்த்தது.

பொதுநல வாசகர்

சட்டப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

மத்திய அரசின் 2017 ஈரநில விதிகள் கடுமையானவை. அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தில், கடந்த 10 ஆண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது, படகுத்துறை மட்டும் விலக்கு. பாருங்கள், இங்கே அளவு தொடங்குவது வெள்ள மட்டத்திலிருந்து. வரைபட மேசை கேட்டது இதைத்தான். ஆனால் இந்த விதிகளில் ஈரநிலம் என்பதன் வரையறையிலேயே ஆற்றின் ஓடுபாதை, நெல் வயல், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர்கள் கட்டிய நீர்நிலைகள் எல்லாம் விலக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் இருக்கிற ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்களில் பெரும்பாலானவை நம் முன்னோர் பாசனத்துக்காகக் கட்டியவை. அதாவது எந்த மாநிலத்தில் ஏரி அதிகமோ அந்த மாநிலத்துக்கு இந்த விதி அநேகமாக உதவாது. வேடந்தாங்கல், கரிக்கிலி போல ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், ஏறிய சில ஏரிகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது. உங்கள் ஊர் ஏரி அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, மாநிலச் சட்டம்? 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் குளம், ஏரி போன்ற பொது நீர்நிலைகளைக் காப்பது அரசின் கடமை என்றது. 2005-இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதைப் பின்பற்றி, தமிழ்நாடு முழுக்க நீர்நிலை ஆக்கிரமிப்புகளைக் கண்டறிந்து அகற்றச் சொன்னது. 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. நல்ல சட்டம், அளந்து எல்லைக் கல் நடச் சொல்கிறது. ஆனால் அது பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த ஏரிகளுக்குத்தான். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் இருக்கின்றன, எண்ணிக்கையில் அவைதான் அதிகம், நகரம் விரிகிற ஓரத்தில் முதலில் மாட்டுவதும் அவைதான்.

இன்னொன்று, இந்தச் சட்டங்கள் எல்லாம் புறம்போக்கை ஆக்கிரமித்தவரைப் பற்றிப் பேசுகின்றன. பட்டா நிலத்தில் முறையாக அனுமதி வாங்கி உள்வாயில் கட்டுகிறவரைத் தடுக்க வேண்டியது நில மண்டல வரைபடம்தான். அங்கேதான் நாம் பலவீனமாக இருக்கிறோம்.

செங்கல் மணல்

பள்ளிக்கரணையில் வரைபடம் இல்லாததால்தானே எல்லாரும் தவிக்கிறார்கள்? 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், ராம்சர் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிய அனுமதி தரக் கூடாது என்று சொன்னது. அந்த வட்டத்துக்குள் பல வருஷமாகக் குடியிருக்கிறவன் ஒரு மாடி எடுக்க முடியவில்லை. அவன் என்ன பாவம் செய்தான்?

பொதுநல வாசகர்

அந்தக் கஷ்டம் உண்மை, அதை நான் சின்னதாக்க மாட்டேன். ஆனால் வரிசையைப் பாருங்கள். 2008-இல் வந்த இரண்டாவது பெருந்திட்டத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு, செங்குன்றம் நீர்ப்பிடிப்பு, தென்சென்னைக் கடலோர நிலத்தடி நீர்ச் செறிவுப் பகுதி ஆகியவற்றைத் தனியாகக் குறித்துக் கட்டுப்பாடு வைத்தார்கள். 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. அறிவித்த உடனே எந்தெந்த சர்வே எண் உள்ளே, எது வெளியே, அதன் செல்வாக்கு மண்டலம் (சுற்றிலும் எந்த நிலத்தில் நடப்பது சதுப்பைப் பாதிக்குமோ அந்தப் பகுதி) எதுவரை என்று களத்தில் அளந்து வெளியிட்டிருந்தால் இந்த 1 கிலோமீட்டர் தடையே தேவைப்பட்டிருக்காது. கோடு வரைகிற வேலை மூன்று வருஷம் தள்ளிப் போனது. அதற்கான விலையைச் சதுப்பும் கொடுத்தது, நீங்கள் சொல்கிற மாடி கட்ட முடியாத குடும்பமும் கொடுக்கிறது. கோபம் வர வேண்டிய இடம் தாமதம்.

பெரும்பாக்கம் கலை

நீங்கள் எல்லோரும் மனை வாங்குவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நாங்கள் மனை வாங்கியவர்கள் இல்லை. எங்கள் வீடு ஆற்றங்கரையில் இருந்தது, அம்மா பிறந்ததும் அங்கேதான். 2015-க்கு அப்புறம் வெள்ள அபாயம், நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று சொல்லி எங்களைக் கிளப்பிப் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் கொண்டுவந்து விட்டார்கள். இங்கே மழை பெய்தால் கீழே இடுப்பளவு தண்ணீர். பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் பக்கத்து நிலம் இது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் சதுப்பு ஓரத்தில் குடிவைத்தால் அதற்கு எந்த விதி பொருந்தும்? பள்ளிக்கூடம் பாதியில் விட்ட பிள்ளைகள், வேலைக்குப் போக இரண்டு பஸ் மாறுகிற பெண்கள், இதெல்லாம் தனிக் கதை.

அதே ஆற்றங்கரையில் பெரிய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. 15 மீட்டர் விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆறு அகலமாக இருக்க வேண்டும் என்பதும் எனக்குப் புரிகிறது. எல்லோருக்கும் ஒரே நாடாவால் அளங்கள், அவ்வளவுதான் கேட்கிறோம். எடுத்தால் பக்கத்திலேயே மேடான இடத்தில் வீடு கொடுங்கள்.

ஆயக்கட்டு

கலைம்மா சொன்னதை இந்த இழையில் எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். ஏழை குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. அரசே ஏரியில் போட்டது எத்தனை! தியாகராய நகர் இருக்கிற இடம் பெரிய ஏரி. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில். முகப்பேரில் வீட்டுவசதித் திட்டத்துக்குப் பெயரே ஏரித் திட்டம். மதுரையில் மாநகராட்சிக் கட்டடமே தல்லாகுளம் கண்மாயில். அந்தக் காலத்தில் பாசனம் நின்றுபோன ஏரி வெறும் நிலமாகத் தெரிந்திருக்கலாம். ஆயக்கட்டு போனால் ஏரிக்கு வேலை இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள், மழைத் தண்ணீர் நிற்கிற இடம் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போது மட்டும் என்ன மாறிவிட்டது? 2023-இல் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால், உள்ளே ஏரி, ஓடை இருந்தாலும் நிலத்தைச் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிறது. நீர்நிலை குறையாமல் பார்த்துக்கொள்வோம் என்று திட்டக்காரர் உறுதி கொடுக்க வேண்டுமாம். பரந்தூரில் விமான நிலையத்துக்குக் குறித்த இடத்தில் 13 நீர்நிலை வருகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். 1,200 சதுர அடிக்காரனுக்கு 15 மீட்டர், பெரிய திட்டத்துக்கு உறுதிமொழிக் கடிதம் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

வரைபட மேசை

ஐயாவின் கோபம் நியாயமானது. நான் என் வேலைக்குள் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பெரிய லேஅவுட்டில் சாலை போக மீதியில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்குக் கொடுக்க வேண்டும். அதை மூலையில் யாருக்கும் பயன்படாத துண்டாகக் கொடுக்காமல், தண்ணீர் ஓரமாக, தாழ்வான பக்கமாக, மண் நிரப்பாமல் கொடுக்கச் சொன்னால் ஏரிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். நான் போடுகிற வரைபடங்களில் அப்படித்தான் வைக்கிறேன், சில முதலாளிகள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் மண் நிரப்பக் கூடாது என்று எழுத்தில் இல்லாததால், பூங்கா என்று கொடுத்த இடத்தையும் பிறகு உயர்த்திவிடுகிறார்கள். புதுமனை தேடி சார், உங்கள் லேஅவுட்டில் பூங்காவாகக் காட்டிய அந்த 15 மீட்டரை நிரப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஆற்றைப் பற்றிக் கேட்டீர்கள். பொது விதியில் ஆற்றுக்கும் அதே 15 மீட்டர்தான். கடல் அலை ஏறி இறங்குகிற முகத்துவாரப் பகுதியில் மட்டும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி சேரும். அடையாறு, கூவம், கொசஸ்தலையாற்றின் கடைசிப் பகுதிகள் அதில் வரும். 2011 அறிவிக்கையில் 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது. 2019-இல் அந்த 100-ஐ 50 ஆக்கினார்கள். மணிமங்கலத்துக்கு இது பொருந்தாது.

புதுமனை தேடி

எல்லோருக்கும் நன்றி. நிரப்பியிருக்கிறார்கள், செம்மண் கொட்டிச் சமன் செய்துதான் இருக்கிறது. முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. நீர்வளத் துறைச் சான்றின் நகல் கேட்டேன், "அதெல்லாம் எங்கள் ஆபீஸில் இருக்கிறது, பதிவின்போது தருகிறோம்" என்கிறார்கள். நானாக எப்படி எடுப்பது?

முடிச்சூர் வடக்கு

பதிவின்போது தருகிறோம் என்றாலே விட்டுவிடுங்கள் சார்.

வரைபட மேசை

நீங்களே எடுக்கலாம். அரசின் நில ஆவண இணையதளத்தில் மனையின் மூல சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேடும் (நிலத்தின் வகையும் உரிமையும் பதிவாகியிருக்கிற ஏடு) புலப்படமும் பாருங்கள், பக்கத்து சர்வே எண்களுக்கும் சேர்த்துப் பாருங்கள். ஏரி, வாய்க்கால், ஓடை, கழுவெளி (சதுப்பு நிலம்) என்று எதில் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். வட்டாட்சியர் அலுவலகத்திலோ நில அளவைத் துறையிலோ கிராம வரைபடம் கிடைக்கும். அதில் ஏரிக்கு வருகிற கால்வாயும் ஏரியிலிருந்து போகிற கால்வாயும் கோடாக இருக்கும், அந்தக் கோடு இப்போது லேஅவுட்டின் எந்தத் தெருவில் விழுகிறது என்று பொருத்திப் பாருங்கள். செயற்கைக்கோள் படத்தில் பழைய ஆண்டுகளுக்குப் போய், 2015 டிசம்பரையொட்டிய படம் ஏதாவது தெளிவாகக் கிடைத்தால் தண்ணீர் எதுவரை இருந்தது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் நீர்வளத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சுற்றி வளைக்காமல் ஆவணமாகக் கேளுங்கள்: அந்த ஏரியின் முழு நீர்மட்டமும் அதிகபட்ச நீர்மட்டமும், கடல்மட்டக் கணக்கில். கலங்கலின் நீளம். மேலே எந்த ஏரியிலிருந்து தண்ணீர் வருகிறது, கீழே எதற்குப் போகிறது. இன்ன சர்வே எண்ணுக்குக் கொடுத்த தடையின்மைச் சான்றின் நகல், அதனுடன் உள்ள ஆய்வு அறிக்கை, நிபந்தனைகளோடு. ஏரி ஒன்றியத்தின் பொறுப்பில் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் இதே மனுவை அனுப்புங்கள்.

ஆயக்கட்டு

அதோடு ஊரில் நீர்பாய்ச்சி, அதாவது ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்து விடுகிறவர், யார் என்று விசாரித்து அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த வருஷம் தண்ணீர் எதுவரை வந்தது என்று மரத்தைக் காட்டிச் சொல்வார்.

பொதுநல வாசகர்

இன்னொன்று, மனை வாங்காதவர்களுக்கும் சேர்த்து. சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்துவிட்டார்கள், 2022-இல். 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது பெருந்திட்டத்துக்கு வேலை நடக்கிறது. வரைவு வெளியாகும்போது ஆட்சேபணை சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. பெல்லந்தூர்த் தமிழன் சொன்னபடி பிறகு தீர்ப்பாயத்துக்குப் போய்ப் பலன் குறைவு. ஒவ்வொரு ஊர்க்காரரும் தங்கள் ஏரியின் உள்வாய், கலங்கல், போக்குக் கால்வாய் எந்த சர்வே எண்களில் வருகிறது என்று எழுதிக் கொடுத்து, அளவை முழு நீர்மட்டக் கோட்டிலிருந்து தொடங்கச் சொல்லிக் கேட்டால், பதிவிலாவது ஏறும். மணிமங்கலம், ஆதனூர், சோமங்கலம் பக்கத்து ஆட்கள் இங்கே இருந்தால் கை தூக்குங்கள், முதல் மனுவை நான் வரைந்து தருகிறேன்.

முடிச்சூர் வடக்கு

வரதராஜபுரத்திலிருந்து நான் ஒருவன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கிறேன். 2021-இல் தெருத் தெருவாகத் தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் குறித்து வைத்திருக்கிறோம், அந்தப் பட்டியலையும் மனுவோடு இணைக்கலாம்.